பேரைச் சொல்லிவிட்டு வா

செந்திலாண்டவர் துணை

தூத்துக்குடி,
10-11-1946

பிரியமுள்ள தம்பி செந்தூர்பாண்டிக்கு அக்காள் முத்துக்கனி ஆசீர்வாதம். இங்கே நானும் உன் அத்தானும் பெரிய அண்ணனும் கடவுள் புண்ணியத்தில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். கொழும்பில் நீயும் மருமகன் வெள்ளத்துரையும் எப்படி இருக்கிறீர்கள்? மழைக்கு உன் மூட்டுவலி திரும்பி வந்ததா? என் மகள் சீனித்தாய் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். கார்த்திகைக் கடைசியில் ஆகும் என்கிறாள் மருத்துவச்சி. கருவாட்டு வாசனை வந்தாலே முகத்தைச் சுளிக்கிறாள். தூத்துக்குடியில் இருந்துகொண்டு கருவாட்டு வாசனையை எங்கே போய்த் தள்ளிவைக்க?

இப்போது எழுத வந்தது அண்ணனைப் பற்றி. போன செவ்வாய்க்கிழமை மதியம் கருப்பட்டிக் கிட்டங்கியிலிருந்து சாப்பிட வந்தவர் நம் வீட்டைத் தாண்டிப் போய், பக்கத்து வீட்டுப் பேச்சிமுத்து வீட்டுக்குள் நுழைந்து, சட்டையைக் கழற்றி அவர்கள் ஆணியில் மாட்டி, கைகழுவிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பேச்சிமுத்து பெண்சாதி செல்லத்தாய் நல்லவள். ஒன்றும் கேட்காமல் இலையைப் போட்டுச் சோறு வைத்தாளாம். குழம்பை ஊற்றிய பிறகுதான் அண்ணனுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. “ஏளா, இது முத்துக்கனி வச்ச குழம்பு இல்லையே” என்றாராம். சத்தம் கேட்டு நான் ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையை நம் ஆணியில் நானே மாட்டிவைத்தேன்.

அண்ணன் பிறவியிலேயே ஒரு தினுசு என்பது உனக்குத் தெரியாததா? ஆளை நிமிர்ந்து பார்க்கமாட்டார். முகம் பார்த்து அடையாளம் தெரியாது, குரலை வைத்துத்தான் தெரியும். தினமும் அதே சோறு, அதே குழம்பு. போகிற வழியெல்லாம் “இப்போ கிட்டங்கிக்குப் போறேன், இப்போ வலதுபக்கம் திரும்புதேன்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடப்பார். பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணை விட்டுவிட்டு உத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். அதையெல்லாம் நாம் பழகிவிட்டோம். அத்தானுடைய கிட்டங்கியில் கருப்பட்டியைத் தட்டிப் பார்த்து ஈரம், காய்ச்சல் என்று பிரித்துப் போட்டுக்கொண்டு ஒருவருக்கும் தொந்தரவில்லாமல் இருந்தார்.

ஆனால் வீடு தவறுகிறவர் இல்லை, தம்பி. வயது அறுபத்திரண்டு ஆகிறது. இது அந்தப் பழைய தினுசுதானா, இல்லை புதிதாக ஏதாவது வந்து சேர்ந்திருக்கிறதா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. நீ நாலு ஊர் பார்த்தவன், யோசனை சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்காள்
முத்துக்கனி

*

கொழும்பு,
29-11-1946

மரியாதைக்குரிய அக்காளுக்கும் அத்தானுக்கும் செந்தூர்பாண்டி வணக்கத்துடன் எழுதுவது. தங்கள் கடிதம் வந்தது. நானும் வெள்ளத்துரையும் சுகமாக இருக்கிறோம். யுத்தம் முடிந்தும் புறக்கோட்டையில் வியாபாரம் இன்னும் கால் ஊன்றி நிற்கவில்லை.

அண்ணன் விஷயம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. நான் இங்கே நல்ல டாக்டர் ஒருவரை நேரில் பார்த்து விவரம் கேட்டேன். பொறுமையான மனிதர். பிறவியிலேயே மனசு வேறு விதமாக அமைந்தவர்களுக்கு வயசாகும்போது ஞாபகம் என்ன ஆகும் என்று எந்தப் புஸ்தகத்திலும் இல்லையாம். சீக்கிரம் போகுமோ, நிதானமாகப் போகுமோ, அவருக்கே தெரியாது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் போக ஆரம்பித்தால் முதலில் பெயர்கள் போகும், பிறகு வழி போகும், அதற்குப் பிறகு பக்கத்தில் ஆள் இல்லாமல் முடியாது என்றார். அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து, வெகுநேரம் ரோட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

சென்னையில் இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்க்கிற ஆஸ்பத்திரி இருக்கிறதாம். எல்லாச் செலவும் என்னுடையது. முதலில் உள்ளூரில் ஒரு டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்குங்கள். பெற்ற பிள்ளைக்குப் பாரமாகிக் கண்ணெதிரே சீரழிவதைவிட, நாலுபேர் அறியாத இடத்தில் இருந்துவிடுவது மரியாதை. தள்ளிப்போட வேண்டாம்.

சீனித்தாய்க்கு என் ஆசி.

தம்பி
செந்தூர்பாண்டி

*

தூத்துக்குடி,
18-12-1946

அன்புள்ள தம்பிக்கு அக்காள் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். சொல்லப்போனால் ஒரு தலை கூடிவிட்டது. சீனித்தாய்க்குப் பெண்குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். குழந்தையின் குரல் துறைமுகத்துச் சங்கையும் தோற்கடிக்கிறது. நீங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? ஆண்பிள்ளைகள் மட்டும் இருக்கிற வீடு என்பதால் கேட்கிறேன்.

உன் பேச்சைத் தட்டாமல் அண்ணனை டாக்டரிடம் கூட்டிப்போனோம். புதிதாகப் போர்டு மாட்டியிருக்கிற டாக்டர், வட ஜில்லாக்காரர். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். உன் அத்தான் மட்டும் கூட இருந்தார், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. கொஞ்ச நேரத்தில் இங்கிலீஷில் எழுதி ஒட்டிய உறையோடு வெளியே வந்தார்கள். உன் அத்தான் முகம் செத்துப்போயிருந்தது. “உன் அண்ணன் என்னையே ஆருன்னு தெரியாதுன்னு சொல்லிட்டாரு” என்றார்.

உறையை ஜீவமணி வாத்தியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரிக் குரலைத் தாழ்த்திப் படித்தார்: இந்த நோயாளி பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்வதாக உறுதியாக நம்புகிறார், மூளை மிகவும் தளர்ந்துவிட்டது, சென்னைக்கு அனுப்புக.

நாங்கள் எல்லோரும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தோம். அவர் வாத்தியார் வீட்டு ஜன்னல் கம்பியைத் தடவிக்கொண்டு நின்றார். வாத்தியாருக்கு என்ன தோன்றியதோ, “அண்ணாச்சி, எந்த வருசம்னு கேட்டதுக்கு நீங்க என்ன சொன்னீக?” என்று கேட்டார்.

“ஆயிரத்து நூத்தி இருபத்திரெண்டு. ஆவணியிலதான பொறந்துச்சு?”

கொல்லம் ஆண்டு, தம்பி! நம் வீட்டுப் பத்திரம், உன் ஜாதகம், என் கல்யாணச் சீட்டு எல்லாம் எந்த ஆண்டில் எழுதினதாம்? திருநெல்வேலிச் சீமையில் கொல்லம் ஆண்டு நடக்கிறது என்று அந்த வடக்கத்தி மனிதருக்கு எப்படித் தெரியும்? வாத்தியார் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உன் அத்தான் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அண்ணன் மட்டும் “சரியாத்தான சொன்னேன்” என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். சரியாகத்தான் சொன்னீர்கள் என்று நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவருக்குத் தொட்டால் பிடிக்காது. அன்றைக்குப் பொறுத்துக்கொண்டார்.

ஆகையால் சென்னைப் பேச்சை விட்டுவிடு. பிள்ளையைப் பார்க்க எப்போது வருகிறாய்?

அக்காள்
முத்துக்கனி

*

கொழும்பு,
20-1-1947

அக்காளுக்கும் அத்தானுக்கும் தம்பியின் வணக்கம். பொங்கல் நல்லபடியாகக் கழிந்ததா? இங்கே நாங்கள் நலம். பதில் எழுதத் தாமதமாயிற்று, கடையில் வேலை அதிகம்.

கொல்லம் ஆண்டு விஷயத்தை வெள்ளத்துரை படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கேள்விக்கு நியாயம் கிடைத்துவிட்டது, சரி. மற்றக் கேள்விகள்? டாக்டர் வேறு என்னென்ன கேட்டார் என்று அத்தானிடம் விசாரித்து எழுதுங்கள். பதில் வராவிட்டால் மறுபடி கேட்பார்களா? யோசிக்க அவகாசம் கொடுப்பார்களா? பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொடுக்கலாமா? தெரிந்துதான் இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை என்றால் அதையும் வியாதி என்றே எழுதிவிடுவார்களா?

அத்தானைத் தெரியாது என்று அண்ணன் சொன்னதை நீங்கள் லேசாகத் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் மனசில் நிற்கிறது. நான் சென்னைக்கு எழுதிக் கேட்கத்தான் போகிறேன்.

சீனித்தாய்க்குப் பிரசவம் ஆயிற்றா? உடனே தெரிவிக்கவும்.

தம்பி
செந்தூர்பாண்டி

*

தூத்துக்குடி,
2-2-1947

அன்புத் தம்பிக்கு, எல்லோரும் நலமாக இருக்கிறோம், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். சீனித்தாய் பிரசவத்தைப் பற்றிப் போன கடிதத்தில் தொடக்கத்திலேயே எழுதினேனே அப்பா! வெற்றிலையை மென்றுகொண்டே என் கடிதத்தைப் படிக்கிறாயா? பெண்குழந்தை. இன்னும் பெயர் வைக்கவில்லை. “பேரு இல்லாம எப்படி வீட்டுக்குள்ள வந்துச்சு?” என்று அண்ணன் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அப்படி அவர் கேட்பதற்கு ஒரு கதை இருக்கிறது. உன்னிடம் மறைத்துவைத்திருந்தேன். நீ அண்ணனைச் சென்னைக்கு அனுப்பிவிடுவாய் என்ற பயம். இப்போது சொல்கிறேன்.

கார்த்திகையில் ஒருநாள் விளக்கு வைக்கிற நேரம். அண்ணன் கிட்டங்கிக்குள் இருந்தார். உன் அத்தான் வெளியே போய்விட்டுத் திரும்பி, “மச்சான், நான்தான்” என்று சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்திருக்கிறார். நாற்பது வருஷமாகக் கேட்ட குரல். அண்ணனுக்குத் தெரியவில்லை. “ஆரு நான்?” என்று கேட்டு, இவரை வெளியே தள்ளி, உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டார். யார் கூப்பிட்டும் திறக்கவில்லை. தெருவில் கூட்டம் கூடிவிட்டது. என்னை ஓடிவந்து கூப்பிட்டார்கள்.

நான் கதவில் வாயை வைத்து, “அண்ணே, கதவத் திறங்க. இவுகதான் நிக்காக” என்றேன்.

“இவுகன்னா ஆரு?”

“உங்க மாப்பிள்ளை அண்ணே.”

“எந்த மாப்பிள்ளை? சீனித்தாய் புருசனும் மாப்பிள்ளைதான். பேரைச் சொல்லு.”

பேரைச் சொல் என்றால்? நீயே சொல், தம்பி. தாலி கட்டிய நாளிலிருந்து அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை. பெருமாள் கோயிலைக்கூட நான் ‘நாமக்காரர் கோயில்’ என்றுதான் சொல்வேன். அக்கம்பக்கத்து ஆண்கள் சொல்லிப் பார்த்தார்கள், அவர்கள் குரலை அண்ணன் நம்பவில்லை. என் குரலை மட்டும்தான் நம்பினார். உள்ளே அவர் நடந்து நடந்து மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. பயந்துபோயிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தெருவே கேட்க, “வன்னியபெருமாள்! வன்னியபெருமாள் நிக்காக அண்ணே!” என்று கத்திவிட்டேன்.

தாழ்ப்பாள் திறந்தது. “வன்னியபெருமாளா? வெளிய நின்னு என்ன செய்யுதே, உள்ள வா” என்றார் அண்ணன், ஒன்றுமே நடக்காத மாதிரி.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நான் முக்காட்டை எடுக்கவில்லை. வாசலுக்கு வந்த பிறகு உன் அத்தான், “என் பேரு உன் வாயில நல்லாத்தான் இருக்கு” என்றார். அடுக்களைக்குள் போய் ஒளிந்துகொண்டேன்.

அண்ணனுக்கு மறதி வந்திருப்பது உண்மைதான், தம்பி. இனி மறைக்கமாட்டேன். நானே அவரிடம் கேட்டேன். “தெரியுது. குரலு சிலது தெரியமாட்டேங்கு. முந்தி தெரிஞ்சுது” என்றார். பயமாக இருக்கிறதா என்றேன். “வீடு தப்பிப் போனா பயம். ஆளு தெரியலைன்னா என்ன பயம்? கேட்டா சொல்லுவாக.”

அன்றிலிருந்து எதிரே வருகிற யாரையும் நிறுத்தி, “நீ ஆரு? பேரைச் சொல்லு” என்கிறார். முதலில் சிலருக்குக் கோபம். பேச்சிமுத்துதான் ஆரம்பித்துவைத்தான்: அண்ணன் கேட்பதற்கு முன்னாலேயே “பேச்சிமுத்து வந்திருக்கேன் அண்ணாச்சி” என்றான். இப்போது மீன்காரி, தபால்காரர் எல்லோரும் நம் வாசலில் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார்கள். உன் அத்தான்கூட “வன்னியபெருமாள் வந்திருக்கேன்” என்றுதான் சாப்பிட வருகிறார். நானும் பதிலுக்கு... சரி, அதை விடு.

அக்காள்
முத்துக்கனி

*

கொழும்பு,
25-2-1947

அக்காளுக்கு வணக்கம். நலம். நலத்துக்கு எழுதவும்.

சென்னையிலிருந்து பதில் வந்துவிட்டது. ஏப்ரல் முதல் ஓர் இடம் இருக்கிறதாம். அதை எடுத்துக்கொள்வதாக எழுதிவிட்டேன். அத்தான் அலைய வேண்டாம், நானே வந்து உடன் போவேன். இதில் மறுபேச்சு வேண்டாம். தெருவில் நின்று நீ யார், நீ யார் என்று கேட்கிற நிலைமை ஒரு மனிதனுக்கு வரக் கூடாது. அதைப் பார்த்துக்கொண்டு நீங்கள் எப்படிச் சிரிக்கிறீர்கள்?

சீனித்தாய்க்கு எப்போது பிரசவம்? ஆண்பிள்ளை பிறந்தால் அப்பா பெயரை வைக்கச் சொல்லுங்கள்.

செந்தூர்பாண்டி

*

தூத்துக்குடி,
12-3-1947

அன்பான தம்பிக்கு அக்காள் எழுதுவது. நாங்கள் நலம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தில் உன் நலத்தைத்தான் கேட்கப் போகிறேன்.

அண்ணனை அனுப்பமாட்டேன். இது முடிவு. நீ கூட்டிப்போக வந்தால் காப்பி போட்டுக் கொடுத்துத் திருப்பி அனுப்புவேன். மாசி வெயிலில் நின்று நன்றாக யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அண்ணனுக்கு மறதி வந்த பிறகும் வாழத் தெரிகிறது. உனக்கும் எனக்கும் ஞாபகம் தலைக்குள் இருக்கிறது. அவருக்கு அது எப்போதும் வெளியேதான் இருந்தது, ஆணியில், வாசல்படியில், நடக்கும்போது முணுமுணுக்கிற பேச்சில். சின்ன வயசிலிருந்து உலகம் அவருக்குப் பாதி புரியாமல்தான் இருந்திருக்கிறது. புரியாத இடத்தில் கேட்டு, சொல்லி, அதே வழியில் திரும்ப நடந்து பழகியிருக்கிறார். வாசல் நிலையில் இப்போது ஒரு வெள்ளைத் துணியைக் கட்டியிருக்கிறார். நான் சொல்லவில்லை, அவராகவே கட்டினார். அதற்குப் பிறகு வீடு தவறவில்லை. நாளைக்கு இன்னும் மறக்கலாம். மறந்தால் இன்னொரு துணி கட்டுவோம்.

இப்போது உன் விஷயம். கோபப்படாதே. உன் போன கடிதத்தின் உறையில், அப்பா காலத்தில் விற்றுவிட்ட நம் பழைய வீட்டு விலாசம் இருந்தது. தபால்காரர் தெரிந்தவர் என்பதால் என் கைக்கு வந்தது. சீனித்தாய் பிள்ளை பெற்றதை இரண்டு தரம் எழுதிவிட்டேன், மறுபடியும் நீ கேட்கிறாய். அது போகட்டும். ‘பெற்ற பிள்ளைக்குப் பாரமாகி’ என்று கார்த்திகையில் எழுதினாயே, அண்ணனுக்கு ஏதடா பிள்ளை? 

அந்தக் கொழும்பு டாக்டரிடம் நீ யாருக்காகப் போனாய், தம்பி?

அக்காள்
முத்துக்கனி

*

தூத்துக்குடி,
10-4-1947

தம்பி, சுகமா? கடிதம் எழுதி மாதம் ஒன்று ஆகப் போகிறது. பதில் இல்லை. அண்ணனைச் சென்னைக்குக் கூட்டிப்போக நீயும் வரவில்லை.

நேற்று அம்புரோஸ் தண்டல் தான் ஓட்டுகிற தோணியோடு கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தார். உன் கடைக்கு வந்தாராம். உட்காரவைத்துச் சிரித்துப் பேசினாயாம், சோடா வாங்கிக் கொடுத்தாயாம். “எல்லாம் பேசினாக, என் பேரை மட்டும் ஒருதரம்கூடக் கூப்பிடலை” என்று வருத்தப்பட்டார். சின்ன வயசில் ஒன்றாகக் கடலில் குதித்தவர்கள் நீங்கள். அவர் போன பிறகு நான் அழுதேன்.

வைகாசி பிறந்து காற்று திரும்பிவிட்டால் தோணிகள் ஓடாது. ஒரு வரி எழுது.

அக்காள்

*

கொழும்பு,
17-4-1947

அக்கா, வணக்கம். நான் நலமில்லை.

இந்த வார்த்தையை எழுதுவதற்கு எனக்கு இத்தனை மாதம் ஆயிற்று. உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். அவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன், இல்லாவிட்டால் மறுபடியும் எதையாவது கேட்டுவிடுவேன். சீனித்தாய்க்குப் பெண்குழந்தை. இருவரும் நலம்.

போன வருஷம் சித்திரையிலேயே ஆரம்பித்துவிட்டது. வாடிக்கைக்காரர்கள் பெயர் வரவில்லை. சிரித்துச் சமாளித்தேன். கொழும்பில் முதலாளி சிரித்தால் போதும், பெயர் வேண்டியதில்லை. பிறகு ஒருநாள் புறக்கோட்டைக் கடையிலிருந்து கொட்டாஞ்சேனை வீட்டுக்கு, முப்பது வருஷமாக நடக்கிற வழியில், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தன் வீட்டுக்கு வழி கேட்கிறான் என்று சிரிப்பார்களே என்று, தெரிந்த முகம் எதிரே வந்துவிடாமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு சுற்றினேன்.

அப்போதுதான் அண்ணனைப் பற்றி உங்கள் கடிதம் வந்தது. அதை ஒரு சாக்காகப் பிடித்துக்கொண்டேன். டாக்டரிடம் போய், ‘என் அண்ணனுக்கு இப்படி’ என்று என் கதையைச் சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், “உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள், தனியாக இருந்து பயப்பட வேண்டாம்” என்றார். அவருக்குத் தெரிந்துவிட்டது. சென்னையில் நான் கேட்ட இடமும் எனக்குத்தான், அக்கா. அண்ணன் பெயரைப் போட்டு எனக்குத்தான் கேட்டேன். அண்ணனைக் கூட்டிப்போகிறேன் என்று வந்து, இருவருமாக உள்ளே போய்விடலாம் என்று ஒரு கிறுக்குத்தனமான யோசனை. வெள்ளத்துரைக்கு ஒன்றும் தெரியாது. அப்பாவுக்கு இப்போதெல்லாம் கோபம் அதிகம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அண்ணன் தெருவில் நின்று ‘நீ ஆரு’ என்று கேட்கிறார் என்று எழுதினீர்கள். உங்கள்மேல் கோபம் வந்தது. பிறகு பொறாமை வந்தது. அவரால் கேட்க முடிகிறது. எனக்கு மறதியைவிட வெட்கம்தான் பெரிய வியாதி. நேற்று வெள்ளத்துரை பின்னால் இருந்து கூப்பிட்டபோது ஒரு நொடி அது யார் குரல் என்று தெரியவில்லை. பெற்ற பிள்ளையிடம் ‘நீ யார்’ என்று எப்படிக் கேட்பேன்?

என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

தம்பி
செந்தூர்பாண்டி

*

தூத்துக்குடி,
26-4-1947

என் செல்லத் தம்பிக்கு அக்காளின் ஆயிரம் ஆசீர்வாதம். நலமில்லை என்று எழுதினாயே, அந்த ஒரு வரியைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இத்தனை மாதமும் நலம் நலம் என்று எழுதி என்னைத் தூங்கவிடாமல் செய்தாய்.

புறப்பட்டு வா. அம்புரோஸ் தண்டல் இந்த வாரம் ஓடு ஏற்றிக்கொண்டு கொழும்பு வருகிறார். திரும்பும்போது உன்னை ஏற்றிக்கொண்டு வருவார். அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். கடையில் நுழைந்ததும் “அம்புரோஸ் வந்திருக்கேன்” என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். “இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் மனசு நோகப் போறேன்” என்று என்னைத்தான் வைதார். வெள்ளத்துரையிடம் நீயே சொல்லிவிடு. பிள்ளை தாங்குவான். அவனையும் பெயர் சொல்லிவிட்டு வரச் சொல். இங்கே மீன்காரியே சொல்லும்போது பெற்ற பிள்ளை சொல்லமாட்டானா?

உன் கடிதத்தை அண்ணனுக்கு வாய்விட்டுப் படித்தேன். உத்திரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார். முடித்ததும், “அவனுக்கும் மறந்துபோச்சா? சரி, வரச் சொல்லு” என்றார். அவ்வளவுதான். நான் மாதக்கணக்கில் எதற்குப் பயந்தேனோ அதை ‘சரி’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார்.

பிறகு ஒரு காரியம் செய்தார், அதைச் சொன்னால் உனக்கு விளங்கும். அறையில் அவர் கட்டில் எங்கே கிடக்கும் என்று உனக்குத் தெரியும், அல்லது மறந்திருந்தால் நான் சொல்கிறேன்: கதவுப் பக்கம். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதை யாரும் ஒரு சாண் நகர்த்த முடிந்ததில்லை. வெள்ளையடிக்க நகர்த்தினதற்கு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவர். நேற்று அவரே அதை இழுத்துக்கொண்டுபோய் எதிர்ச்சுவரில் போட்டார். கதவுப் பக்கம் உனக்காம். “வெளிய போக அவனுக்குத்தான் கதவு தெரியணும்” என்றார். இன்றைக்குக் காலையில் எழுந்து, பழைய இடத்தில் நின்று கட்டிலைக் காணோம் என்று தேடினார். முகம் வெளுத்துவிட்டது. பிறகு, “நான்தான் மாத்தினேன். செந்தூர்பாண்டி வாரான்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இன்றைக்கு முழுவதும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சென்னைக்காரர்களுக்கு இடம் வேண்டாம் என்று ஜீவமணி வாத்தியார் இங்கிலீஷில் எழுதிப் போட்டுவிட்டார். அண்ணனும் உனக்கு எழுத வேண்டும் என்று காகிதம் கேட்டார். அவர் கடிதம் எழுதி நான் பார்த்ததில்லை. நான் ஒரு எழுத்தும் திருத்தவில்லை, இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் வரவை எதிர்பார்த்து,
அக்காள் முத்துக்கனி
(உன் அத்தான் வன்னியபெருமாளும் கேட்டதாக எழுதச் சொன்னார். பார், எழுதவே ஆரம்பித்துவிட்டேன்!)

*

செந்தூர்பாண்டி,

நான் பால்துரை எழுதுகிறேன். உன் அண்ணன்.

முத்துக்கனி முதலில் சுகம் விசாரிக்கச் சொன்னாள். நீ நலமில்லை என்று எழுதியிருக்கிறாய். அதனால் விசாரிக்கவில்லை.

தோணியில் ஓரத்தில் உட்காராதே. அம்புரோஸ் சாப்பிடச் சொன்னால் சாப்பிடு. கரை வந்ததும் இறங்கி அங்கேயே நில். நடக்காதே. வழி யோசிக்காதே. நான் வருவேன். முத்துக்கனியும் கூட வருவாள், எனக்கு வழி மறந்தால் அவள் சொல்லுவாள்.

எனக்கு உன் முகம் தெரியாது. அது எப்போதும் தெரியாது. உன் குரலும் இப்போது தெரியுமா என்று எனக்கு நிச்சயமில்லை. அதனால் நீ உன் பேரைச் சொல்ல வேண்டும். உனக்கும் என்னைத் தெரியாமல் இருக்கலாம். அதனால் நான் என் பேரை முதலில் சொல்லுவேன்.

உன் பேர் அந்த நேரம் உனக்கு வரவில்லை என்றால் சும்மா நில். வெட்கப்படாதே. அது எனக்குத் தெரியும். நான் சொல்லுகிறேன்.

பால்துரை